பல்லைப் புடிச்சுப் பாத்தியா கண்ணு?

உன்ற எக்செல் சீட்டு வந்து சேந்துச்சு கண்ணு. மேல வரிசையா ஏழு சாப்ட்வேரு பேரு, பக்கத்துல நூத்துச் சொச்சம் வசதி, நடுவால பூராப் பச்சை டிக்கு. நெம்ப அழகா இருக்குது. எக்செல்ல உட்டுத் தொலைக்கறக்குத்தான் இந்தப் புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சாப்ட்வேரே வாங்கறோம்னு மாப்பிள்ளை சொன்னாரு. அதை வாங்கறக்கே ஒரு எக்செல்லு வேண்டியிருக்குது பாரு.

இந்த டிக்கெல்லாம் ஆரு போட்டதுன்னு கேட்டேன். அந்தந்தக் கம்பெனி வெப்சைட்டப் பாத்து நானே போட்டனுங்க அப்பிச்சின்னு சொன்னே. அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. கண்ணபுரம் சந்தைக்கு மாடு புடிக்கப் போனவன், விக்கறவன்கிட்டயே "பல்லு எத்தனைங்க, சுழி சுத்தமுங்களா"ன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டு ஊடு வந்து சேந்தானாமா. விக்கறவன் என்ன, கெழட்டு மாடுன்னா சொல்லுவான்? வாயைத் தொறந்து பல்லைப் புடிச்சுப் பாக்கோணும். நடக்க உட்டுப் பாக்கோணும். முடிஞ்சா ஏருல பூட்டிப் பாக்கோணும், அதும் உன்ற காட்டுல.

உன்ற காடு எது? ஆர்டருக்கு மெசின் செஞ்சு குடுக்கற கம்பெனி. டிராயிங்கு, பேட்டர்னு, காஸ்டிங்கு, மெசினிங்கு, வெளிய வாங்கற மோட்டாரு, அசெம்பிளி, பெயிண்டு, டிரையலு, இன்ஸ்பெக்சன், டெஸ்பாட்ச். டெமோக் காட்ட வர்ற பையன் எதைக் காட்டுவான் தெரியுமா? "புது வெப்சைட் தொறப்பு விழா"ன்னு ஒரு புராஜெக்டு. அதுல ஆறே ஆறு வேலை. அஞ்சு பச்சை, ஒண்ணு மஞ்சள். அந்த ஊர்ல காஸ்டிங்குல ஊசித்துளை உழுந்து திரும்பி வராது. மோட்டாரு சப்ளையரு போனை எடுக்காம இருக்க மாட்டாரு. எல்லாரும் சாயங்காலம் ஆறு மணிக்கு சந்தோசமா ஊட்டுக்குப் போயிருவாங்க.

அதனால டெமோப் பையனுக்கு ஒரு காப்பியைக் குடுத்து உக்கார வெச்சுப்போட்டு, போன வருசம் சொதப்புன ஆர்டரு இருக்குதே, பேரைச் சொன்னா இன்னிக்கும் மாப்பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கறாரே, அந்த ஃபைலை எடு. அதையே அவன் சாப்ட்வேர்ல ஏத்தச் சொல்லு. "இதெல்லாம் செட்டப் டீம் பாத்துக்குமுங்க சார்"னு நெளிவான். உடாதே. ஏத்தி முடிச்ச பொறவு, பேட்டர்னு ஒம்பது நாள் லேட்டுன்னு மாத்தச் சொல்லு. இப்ப பாரு வேடிக்கையை.

பேட்டர்னுக்குப் பின்னால நிக்கற காஸ்டிங்கு, மெசினிங்கு, அசெம்பிளி எல்லாம் தானா ஒம்பது நாள் தள்ளிப் போகுதா? இல்ல, ஒவ்வொண்ணா நீ கையில நகத்தோணுமா? கோடு போட்டு ரெண்டு வேலையச் சேத்துக் காட்டறதுல பாதிச் சாப்ட்வேரு கில்லாடி. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு வரமாட்டீங்குது. வெறும் படத்துக்குப் போட்ட கோடு அது. அடுத்தாப்புல, பேட்டர்னுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்ல. மோட்டாரு தேதி அசையாம நிக்குதா? மூணாவதா, பெயிண்டு அடிச்சா காயறக்கு ரெண்டு நாள் உடோணும். அந்த ரெண்டு நாளு ஆருக்கும் வேலையில்ல, ஆனா தேதியில சேரோணும். அப்புடிச் சும்மா கெடக்கற நாளை வெக்கறக்கு வழி இருக்குதா? கடைசியா, மொதல்ல நீ ஒத்துக்கிட்ட தேதி எங்க? புதுத் தேதிய எழுதுனதும் பழசு அழிஞ்சு போச்சுன்னா, வருசக் கடைசியில எல்லா ஆர்டரும் சொன்ன தேதிக்கே போயிருக்கும். பார்ட்டி மட்டும் என்னமோ உன்னைத் திட்டிட்டே இருப்பான். பழைய தேதிய மாத்தாம வெச்சுக்கறதுக்கு பேஸ்லைன்னு பேரு. உன்ற சீட்டுல அதைத் தேடிப் பாத்தேன். எமோஜி ரியாக்சனுக்கு ஒரு வரிசை இருக்குது, பேஸ்லைனுக்கு இல்ல.

இந்தக் கான்ட் சார்ட்ட என்னமோ போன வாரம் கண்டுபுடிச்சதாட்டம் காட்டறானுக. ஹென்றி கான்ட்டுன்னு ஒரு அமெரிக்கா மெக்கானிக்கல் இன்ஜினியரு, எஃகுக் கம்பெனியில எல்லாம் வேலை பாத்தவரு, 1919ல செத்தே போயிட்டாரு. அவருக்கும் முன்னால 1896லயே போலந்துல கரோல் அதாமியெட்ஸ்கி இதே சாதிப் படம் ஒண்ணு போட்டாரு. எந்த வேலை தள்ளுனா மொத்தமும் தள்ளும்னு கண்டுபுடிக்கற கிரிட்டிக்கல் பாத்து, 1950கள் கடைசியில டூபாண்ட் கெமிக்கல் கம்பெனியில வந்துச்சு. அதே சமயத்துல, 1958ல, அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்கோசரம் பெர்ட்டுன்னு ஒண்ணு பண்ணுச்சு. எல்லாம் உன்னையாட்டப் பட்டறைக்காரங்க, ஆலைக்காரங்க தலைவலிக்குப் பொறந்த மருந்துதான். எனக்கு எப்புடித் தெரியும்னு முழிக்காதே. வாய்க்கால்ல நம்ம மொறைத் தண்ணி ராத்திரியில வருது. வரப்புல உக்காந்துட்டு வேற என்ன பண்றது, போன்ல படிக்கறேன்.

சாப்ட்வேருக்கும் சுழி உண்டு கண்ணு. எதுக்கோசரம் பொறந்துச்சோ, அந்தச் சுழி சாகற வரைக்கும் மாறாது. மைக்ரோசாப்ட் புராஜெக்ட் 1984ல டாஸ் காலத்துலயே வந்தது; உக்காந்து பிளான் போடறக்குன்னே ஒரு ஆளு இருப்பான்னு நெனச்சுப் பண்ணுனது. அந்த ஆளு லீவு போட்டா ஃபைலைத் தொறக்கறக்கே மத்தவங்களுக்குப் பயம். ஜிரா 2002ல ஆஸ்திரேலியாவுல பொறந்துச்சு, புரோகிராமருங்க தப்புக் கண்டுபுடிச்சு எழுதி வெக்கறக்கு. அதும் பேரே ஜப்பான் சினிமாவுல வர்ற பெரிய பல்லி கொஜிராவோட பேர்ல தலைய வெட்டுனது. வெச்சவனுக்கே அது என்ன பண்ணும்னு தெரிஞ்சிருக்குது. பேஸ்கேம்ப் 2004ல வந்தது. வெப்சைட் டிசைன் பண்ற கம்பெனி சொந்த வேலைக்குன்னு செஞ்சுக்கிட்டது. டிரெல்லோ 2011. அட்டைய ஒரு வரிசையில இருந்து இன்னொரு வரிசைக்குத் தள்றது, அவ்வளவுதான். அதைப் படிக்கறக்கு எனக்கே ஒரு சாயங்காலம் போதும். சோஹோ புராஜெக்ட்ஸ் 2006. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீசு வெச்சிருக்கற நம்மூருக் கம்பெனிதான். நம்மூருங்கறதுக்கோசரம் டிக்கு அடிச்சுப்போடாதே. அதும் வாயையும் தொறந்து பல்லைப் பாரு. உள்ளூர்ல போன் போட்டாத் தமிழ்ல பேசறானா, ரூவாயில பில்லு போடறானான்னு வேணும்னா ஒரு மார்க்கு எச்சாப் போட்டுக்க.

இன்னொரு சங்கதி. சாப்ட்வேருக்காரங்க போட்டு வெச்ச காலண்டர்ல பெரும்பாலும் சனிக்கெழமை லீவு. நீ சனிக்கெழமைதான் டெஸ்பாட்ச் பண்றே. ஆயுத பூசை, பொங்கலு, ஃபவுண்டரிக்காரன் குலதெய்வக் கோயிலு நோம்பி, எல்லாம் உன்ற காலண்டர்ல ஏறோணும். தேதியவும் பாத்துக்க. 03/04ன்னா உனக்கு ஏப்ரல் மூணாந்தேதி, அமெரிக்காக்காரனுக்கு மார்ச்சு நாலு. ஒரு மாசம் வித்தியாசம் கண்ணு, லாரியே வந்து நின்னுக்கும்.

செரி, இதெல்லாம் நீ பாக்கற பக்கம். இப்ப ஃபோர்மேன் பக்கம் வா. உன்ற சீட்டுல அவரைப் பத்தி ஒரு வரி இல்ல. அசெம்பிளி செட்டுல, மதியம் ரெண்டு மணி, தகரக் கூரை கொதிக்குது, கையில முழங்கை வரைக்கும் கிரீசு. செவுரோரம் சார்ஜுல கெடக்கற போனு, மூலையில கண்ணாடி கீறல் உட்டது. பேரிங்கு மாட்டி முடிச்சாச்சுன்னு அவரு சொல்லோணும். சுண்டுவெரலு மட்டுந்தான் கொஞ்சம் சுத்தம், அதுல தொடறாரு. ஆப்பு தொறக்குது, அப்டேட் பண்ணச் சொல்லுது. அப்பறம் லாகின் போயிருச்சு, மறுக்கா வாங்குது. உள்ள போனா இங்கிலீசுல பதினாறு ஆர்டரு. ஆர்டரைத் தொட்டா வேலைப் பட்டியலு, வேலையத் தொட்டா ஸ்டேட்டசு, ஸ்டேட்டசைத் தொட்டா "எத்தனை மணி நேரம் ஆச்சு"ன்னு கேக்குது, அதை எழுதாம உட மாட்டீங்குது. செட்டுக்குள்ள சிக்னலு ஒரு கோடு. கடைசியில வட்டமாச் சுத்திட்டு "மறுபடி முயலவும்".

அவரு என்ன பண்ணுவாரு? போனை வேட்டியில தொடச்சுப்போட்டு வாட்ஸப்புக் குரூப்புல "பேரிங் ஓகே"ன்னு ஒரு வார்த்தை, கூட ஒரு போட்டோ. முடிஞ்சுது வேலை. உன்ற சாப்ட்வேருக்கு நெசமான எதிரி அந்த ஏழுல எதுவுமில்ல சாமி, அந்த வாட்ஸப்புக் குரூப்புதான். அதைக் காட்டிலும் லேசா இருந்தாத்தான் எடுப்பாங்க. அதனால மாதிரிக்கு எடுத்துப் பாக்கறப்ப நீ ஏசி ரூம்புல உக்காந்து மவுசுல பாக்காதே. ஃபோர்மேன் கையில குடு. நீ வாயைத் தொறக்காம பக்கத்துல நில்லு. எத்தனை தாட்டி தொடறாரு, எங்க முழிக்கறாரு, எந்த எடத்துல உன்னைத் திரும்பிப் பாக்கறாருன்னு கவனி. சிக்னலு இல்லாதப்ப எழுதுனதை வெச்சிருந்து பொறகு அனுப்புதான்னு பாரு. தமிழ்ல எழுதுனா எடுத்துக்குதா, வாயில சொன்னா எழுதுதான்னு பாரு. எடுத்துக்கிட்டாலும் நம்பிராதே, பி.டி.எஃப். போட்டு இறக்கிப் பாரு. "கோளாறு"ன்னு எழுதுனது கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கமா, நடுவுல புள்ளி வட்டத்தோட வந்து நிக்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்ட்டிக்கு அனுப்புனா கோளாறு ஆருக்குன்னு அவனே தெரிஞ்சுக்குவான்.

"எத்தனை சதம் முடிஞ்சுது"ன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதைக் கண்டா மட்டும் எட்ட நின்னு கும்புட்டுப்போடு. நான் பம்புசெட்டுக் கம்பெனி ஸ்டோர்ல இருந்த காலத்துலயும் எல்லா வேலையும் 90 சதம் முடிஞ்சுதான் இருந்துச்சு. மாசக் கணக்கா 90லயே நிக்கும். மிச்சம் பத்துதான் வருசத்தைத் தின்னும். காஸ்டிங்கு வந்துச்சா வரலையா, ஆமா இல்லைன்னு கேக்கற சாப்ட்வேரு போதும் நமக்கு.

ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் காட்டற படம் இருக்குதுன்னு பெருமையா டிக்கு அடிச்சிருக்கறே. அதுல ஒரு குசும்பு இருக்குது. சில சாப்ட்வேர்ல, ரெண்டு பேரு பத்து நாள் பண்ற வேலைக்கு இன்னும் ரெண்டு பேரைச் சேத்தா, அது பாட்டுக்கு அஞ்சு நாள்னு கொறச்சுக் காட்டிப்போடும். ஐபிஎம்முல பெரிய வேலை பாத்த பிரெட் புரூக்ஸுன்னு ஒருத்தரு 1975லயே புஸ்தகம் போட்டுச் சொல்லிப்போட்டாரு, லேட்டான சாப்ட்வேரு வேலைக்கு ஆளைச் சேத்தா இன்னும் லேட்டாகும்னு. உன்ற பட்டறையில அது கூட இல்ல, அதை உட மோசம். உனக்கு முட்டுக்கட்டை ஆளா? ஒத்தை போரிங் மெசினுதான். நாலு ஆர்டரும் அது வாசல்ல வந்து வரிசையில நிக்குது. அந்த மெசினை ஒரு ஆளாட்டம் சாப்ட்வேர்ல சேத்து, ஒரே நாள்ல ரெண்டு வேலை அதுமேல உழுந்தாச் செவப்பு காட்டுதா? காட்டும்னா, அந்த மெசினுக்கும் ஒரு யூசரு காசு வாங்கறானா? கேளு. வாங்கறவனும் இருப்பான்.

காசுக்கு வந்துட்டோம். சின்ன பிளானுக்கெல்லாம் வெலை போட்டிருக்குது. பெரிய பிளானுக்கு மட்டும் "எங்களைத் தொடர்பு கொள்ளவும்". கண்ணபுரத்துல துண்டைப் போட்டு மூடி வெரலைப் புடிச்சு வெலை பேசறோமே, அதேதான். பக்கத்துல நிக்கறவனுக்கு என்ன வெலைன்னு உனக்குத் தெரியப்படாது. நீ துண்டுக்குள்ள கைய உடறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணு. உனக்கு இல்லாம ஆகாதுங்கற வசதி நாலோ அஞ்சோ, அது எந்தப் பிளான்ல இருக்குதுன்னு பாரு. சீட்டுல பச்சை டிக்கு அடிச்சது பாதி, மேல் பிளான்ல பூட்டி வெச்சது. பேஸ்லைனு பெரும்பாலும் கீழ் பிளான்ல இருக்காது. ஆரு எதை மாத்துனாங்கன்னு காட்டற பதிவு சில எடத்துல அதுக்கும் மேல.

பொறகு கணக்குப் போடு. ஒரு பேச்சுக்கு ஆளுக்கு மாசம் 800 ரூவான்னு வெய்யி. 40 பேருன்னா மாசம் 32,000, வருசத்துக்கு 3,84,000. மேல 18 சதம் ஜிஎஸ்டி. வெளிநாட்டுக் கம்பெனி பில்லா இருந்தா ரிவர்ஸ் சார்ஜுன்னு அந்த வரியை நீயே கட்டோணும். கட்டுனதை எடுத்துக்கலாம், ஆடிட்டரைக் கேட்டுக்க. 40 பேர்ல எழுதறவங்க பன்னெண்டு பேரு இருப்பாங்க, மிச்சமெல்லாம் சும்மா பாக்கறவங்க. பாக்கறதுக்கும் காசா? பேட்டர்ன் கடைக்காரரு, மெசினிங் ஜாப் ஒர்க்குக்காரரு, வெளியாளா உள்ள வந்தா ஓசியா, காசா? ஓசியா உட்டாலும் ஒரு வெடி இருக்குது. அவரு தன்ற வேலைய மட்டும் பாக்கறாரா, இல்ல அடுத்த பார்ட்டி டிராயிங்கும் கண்ணுல படுதா? டெமோப் பையனோட போன்லயே வெளியாளுன்னு ஒரு லாகின் போட்டு, உள்ள பூந்து, போகக் கூடாத எடமெல்லாம் போயிப் பாரு. நீ செய்யாட்டி ஜாப் ஒர்க்குக்காரரு செய்வாரு.

உள்ள போறப்பவே வெளிய வர்ற வழியப் பாத்து வெச்சுக்க. எக்ஸ்போர்ட்டு இருக்குதுன்னு டிக்கு அடிச்சிருக்கறயே, அமுத்திப் பாத்தியா? வேலைப் பேரும் தேதியும் சிஎஸ்வில வரும். அதுக்கடியில ஃபோர்மேன் எழுதுன சங்கதி, ஒட்டி வெச்ச டிராயிங்கு, போட்டோ எல்லாம் வருதா? வண்டர்லிஸ்ட்டுன்னு ஒரு ஆப்பு, பெர்லின்காரங்க செஞ்சது, நெறையாப் பேரு வெச்சிருந்தாங்க. 2015ல மைக்ரோசாப்ட் வாங்குச்சு, 2020 மே மாசம் மூடிப்போட்டுது. ஜிராக்காரங்க அட்லாசியன், சொந்த சர்வர்ல வெச்சு ஓட்டற சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியோட ஆதரவை நிறுத்திக்கிட்டாங்க. எங்க மேகத்துக்கு, அதான் கிளவுடுக்கு வா, இல்லாட்டி பெரிய வெலைப் பதிப்பை வாங்குன்னு ஆச்சு. செரி, மேகத்துக்குப் போனவன் நிம்மதியா இருந்தானா? 2022 ஏப்ரல்ல, பழைய ஆப்பு ஒண்ணை அழிக்கறக்கு அதே கம்பெனி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, தப்பான நம்பரைக் குடுத்துட்டதுல 775 வாடிக்கைக்காரங்க சைட்டே ஒட்டுக்கா அழிஞ்சு போச்சு. மீட்டுக் குடுக்கறக்குச் சில பேருக்கு 14 நாள் வரைக்கும் ஆச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்புடி. நீ வாரம் ஒருக்கா இறக்கி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெச்சுக்க. அதை எந்தப் புள்ளை, எந்தக் கெழமை செய்யறதுன்னும் சேத்து எழுதிக்க.

ஏ.ஐ. இருக்குதாமா? இருக்கட்டும். எழுதுனதைச் சுருக்கிச் சொல்லுமாமா. ஆரும் எழுதாட்டி எதைச் சுருக்கும்?

ஏழையும் மாதிரி எடுக்காதே, ரெண்டு போதும். மாதிரிக் காலம் பதினஞ்சு நாளோ ஒரு மாசமோ குடுப்பான். தீவாளி போனஸ் அவசரத்துல ஆரம்பிச்சராதே. பழைய சொதப்புன ஆர்டரு ஒண்ணு, இப்ப நடக்கற ஆர்டரு ஒண்ணு, அவ்வளவுதான் ஏத்தோணும். மொதல் வருசம் மாசக் கட்டணத்துல போ. வருசத்துக்கு ஒட்டுக்காக் கட்டுனா கொறச்சுத் தர்றேன்னு இழுப்பான், நல்லாத்தான் இருக்கும். ஆனா மூணாம் மாசம் ஃபோர்மேன் வாட்ஸப்புக்கே திரும்பிட்டாருன்னா, மிச்ச ஒம்பது மாசம் ஆருக்குக் கட்டறது?

கடைசியா ஒண்ணு, இதை மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிக்க, நான் சொன்னா மருவாதியா இருக்காது. சாப்ட்வேரு வந்த பொறகும் அவரு காலையில எட்டு மணிக்கு ஃபோர்மேனுக்குப் போன் போட்டு "அந்த ஆர்டரு எந்த மட்டுல இருக்குது"ன்னு கேட்டாருன்னு வெய்யி, ஒரே வாரத்துல ஆரும் எழுத மாட்டாங்க. மொதலாளிதான் போன்லயே கேட்டுக்கறாரே, எதுக்கு ரெண்டு வேலைன்னு உட்டுருவாங்க. அதனால மொத யூசரா அவரையே சேத்து உடு. திங்கக்கெழமை மீட்டிங்குல அவரே தொறந்து, அதுல இருக்கறதை மட்டும் வெச்சுப் பேசோணும். அதுல இல்லாத வேலை நடக்கவே இல்லைன்னு ஆயிரோணும். வேண்டாங்கறக்கு அவரு நூறு சாக்குச் சொல்லுவாரு. பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு நிச்சயமாச் சொல்லுவாரு. அப்ப எனக்கு ஒரு போனைப் போடு. அவரு எல்லாத்துக்கும் வெக்கறது ஒரே பாஸ்வேர்டுதான், எனக்குத் தெரியும். என்ற மக பேரு, பின்னால 123. உன்ற அம்மாகிட்டச் சொல்லிராதே, தலைகால் புரியாது அவளுக்கு.